பூனைப் படம் போட்ட நோட்டு

பதினாலு சர்வரோட ஜாதகத்தை யாராவது பூனைப் படம் போட்ட ஸ்கூல் நோட்டுல எழுதி வைப்பாங்களா?

விஜயராணி வைத்திருந்தாள். கம்பெனி ஆட்கள் மெயிலும் மீட்டிங்கும் நடத்துகிற சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது, மும்பை செம்பூர் ஆபீசில் அவள் வேலை. மகள் ஷாலினியின் தடுப்பூசி அட்டை மாதிரியே, சர்வருக்கு ஒரு பக்கமாகக் கோடு போட்டிருந்தாள். ஓடுகிற வெர்ஷன் நம்பர், ஓட்டையை அடைக்கிற பேட்ச் போட்ட தேதி, போட்டபின் 'காய்ச்சல்' உண்டா இல்லையா.

"டேஷ்போர்டுல எல்லாம் பச்சையா தெரியறதே. இந்தப் பூனையும் ஜிலேபி எழுத்தும் எதுக்கு?" என்பான் பக்கத்து சீட் கௌசிக். மாட்டுங்காக்காரன். வீட்டில் தமிழ்தான், ஆனால் எழுதப் படிக்க வராது.

"பச்சைன்னா ஊசி போட்டாச்சுன்னுதான் அர்த்தம் தம்பி. உடம்புல ஏறிச்சான்னு நாமதான் தொட்டுப் பாக்கணும்."

ஷாலினிக்குக் காய்ச்சல் என்று திங்கள் முதல் வியாழன் வரை லீவு போட்டாள். அந்த நாலு நாளில்தான் அவசரப் பேட்ச் ஒன்று வந்து இறங்கியது. வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வந்தால், சர்வர்களுக்கு ஆடிட். அது சுத்தமாக முடிந்தால்தான் அவள் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார்.

மேஜையில் நோட்டைக் காணோம்.

"தம்பி, என் நோட்டைப் பாத்தியளா?"

"என் டிராயர்ல இருக்கு. ஆடிட்டர் போறவரைக்கும் அங்கேயே இருக்கட்டும். மானம் போயிடும்."

அவளுக்குச் சுருக்கென்றது. பதில் சொல்வதற்குள் ஆடிட்டர் அபயாம்பாள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆறாம் நம்பர் சர்வரைக் காட்டுங்கோ."

டேஷ்போர்டில் பச்சை. உள்ளே போய்ப் பார்த்தால் பழைய வெர்ஷனே ஓடிக்கொண்டிருந்தது.

"பேட்ச் போட்டும் நம்பர் மாறலையே. இது உங்களுக்குத் தெரியுமா? தெரியும்னா, எங்கே எழுதி வச்சிருக்கேள்?"

விஜயராணி கௌசிக்கின் டிராயரைப் பார்த்தாள். அவள் வராத அந்த நாலு நாளுக்கு நோட்டில் வெறும் கோடுதானே இருக்கும்?

டிராயர் இழுபடும் சத்தம். கௌசிக் குனிந்த தலை நிமிராமல் நோட்டை நீட்டினான்.

அபயாம்பாள் ஆறாம் பக்கத்தை வாசித்தார். "புதன். போட்டாச்சு. மூணு நாள் போர்டு மீட்டிங், ரீஸ்டார்ட் பண்ணலை. பண்ற வரைக்கும் நம்பர் பழசுதான். சனிக்கிழமை பண்ணணும்."

பதினாலு பக்கத்தையும் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு ஒழுங்கான ரெக்கார்டை நான் எங்கேயும் பார்த்ததில்லை. யாரோட ஏற்பாடு?"

கௌசிக்கின் விரல் விஜயராணி பக்கம் நீண்டது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தாராவி வீட்டுக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லணும் போல இருந்தது.

ஆடிட்டர் போனதும் நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஒண்ணாம் கிளாஸ் பிள்ளை எழுதின மாதிரி, கோணல்மாணலாக, அழித்து அழித்து வரைந்த தமிழ் எழுத்து. நாலு நாளும் அப்படியேதான்.

"இங்கிலீஷ்லயே எழுதியிருக்கலாமே தம்பி?"

"உங்க நோட்டாச்சே அக்கா. அம்மா போன்ல எழுதி அனுப்பினா, பார்த்துப் பார்த்து வரைஞ்சேன். மானம் போயிடும்னு சொன்னது என் எழுத்துக்கு." காது மடல் சிவக்க, கௌசிக் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஒண்ணே ஒண்ணு. அடுத்த நோட்டு வாங்கறச்சே நாய்ப் படம் போட்டதா வாங்குங்கோ. பூனை எனக்குப் பிடிக்காது."