படத்தில் இல்லாத ஆள்

“உங்க பயத்தை வரையுங்க. ஆனா எதைப் பார்த்துப் பயப்படறீங்களோ, அது மட்டும் படத்துல வரக்கூடாது.”

ஓவிய ஆசிரியர் இப்படிச் சொன்னதும் ஊழியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்து பாட்டில்களில் ஒட்டும் லேபிள் அடிக்கிற அச்சகம் அது. அங்கே யாரும் இப்படியெல்லாம் கேட்டதில்லை. எல்லாம் ஊழியர் நலனுக்கென்று புதிதாக வந்திருக்கும் மேடத்தின் ஏற்பாடு.

கணக்கு எழுதுகிறவர், கட்டில் மேல் ஒரு ஆள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பதாக வரைந்தார்.

“கரப்பான்பூச்சிதானே சார்?”

“வீட்டுல சொல்லித் தொலைச்சிடாதீங்கப்பா!”

சிரித்து முடிப்பதற்குள் கண்ணாடி அக்காவின் படம் மேசைக்கு வந்தது. சிரிப்பு நின்றுபோனது.

கண்ணாடி அக்கா அங்கே புரூஃப் பார்ப்பவர். லேபிளில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் அந்தத் தடித்த கண்ணாடிக்குத் தப்பாது. அவர் வரைந்திருந்தது அவர்கள் தினமும் வேலை பார்க்கும் அறையைத்தான். விளக்குகள் அணைந்திருந்தன. நாற்காலிகள் எல்லாம் மேசைக்கு அடியில் தள்ளப்பட்டிருந்தன. ஒரு மேசையில் கைப்பை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தரை. ஆள் யாரும் இல்லை.

“வேற யாரு, சிடுமூஞ்சிதான்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் முணுமுணுத்தது.

மேடம் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

சிடுமூஞ்சி என்பது பிரிவுத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. சாயங்காலம் எல்லாரும் கிளம்புகிற நேரம் பார்த்து ஒரு கட்டு லேபிளைக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் தொப்பென்று போடுவார். “இன்னொரு தடவை பாருங்க” என்பார். தானும் போகமாட்டார், அவரையும் விடமாட்டார். இருட்டின பிறகுதான் அக்கா வீட்டுக்குக் கிளம்புவார். பாவம், அந்த அம்மா வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்றைக்கும் கட்டு வந்தது. மேடம் அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். ரத்தம் கொதித்தது. எல்லாத் தாளிலும் ‘அனுப்பப்பட்டது’ என்று முத்திரை! எப்போதோ அச்சாகி, பார்சலாகி, போய்ச் சேர்ந்துவிட்ட சரக்கு.

நேராகச் சிடுமூஞ்சியின் அறைக்குப் போனார்.

“சார், இதெல்லாம் டெலிவரி ஆனது. இதுல எந்தத் தப்பைக் கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போறீங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி மேசைத் தாளில் குனிந்துகொண்டார்.

“அப்போ ஒரு பொம்பளையை வேணும்னே உட்கார வச்சு வதைக்கிறீங்க. அப்படித்தானே?”

“அப்படியே வச்சுக்குங்க.”

“நான் முதலாளிகிட்ட போகப் போறேன்.”

“போங்க. என்னை எங்க வேணும்னாலும் தூக்கிப் போடச் சொல்லுங்க. அவங்க கிளம்பற நேரத்துல மட்டும் கை வைக்காதீங்க மேடம்.”

இவ்வளவுக்கும் அப்புறம் என்ன திமிர் பாருங்கள்! மேடத்துக்கு இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விட்டது.

மறுநாள் மத்தியானத்துக்குள் காரியம் முடிந்தது. சிடுமூஞ்சியைக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஐந்தரைக்கு மேல் ஊழியர் யாரும் உள்ளே இருக்கக்கூடாது, கதவைப் பூட்டிவிட வேண்டும் என்று உத்தரவும் வந்தது. பிரிவு முழுக்கக் கைதட்டியது. சிடுமூஞ்சி தன் டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனபோது ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அறை காலியானது. கண்ணாடி அக்கா மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னக்கா, கிளம்பலையா? இனிமே நீங்க யாருக்கும் பயப்பட வேண்டாம். நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”

“இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டுமா மேடம்?”

“எதுக்கு? அதான் உங்க பயத்தைக் கிடங்குக்கு அனுப்பியாச்சே!”

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“படத்தை நீங்க சரியாப் பார்க்கலை மேடம். என் நாற்காலியையும் உள்ள தள்ளித்தானே வரைஞ்சிருந்தேன்? அது நான் இங்க உட்கார்ந்திருக்கற படம் இல்ல. நான் கிளம்பற படம்.”

மேடம் விழித்தார்.

“வீட்டுக்காரர் வேலையிலேர்ந்து வந்ததும் குடிக்க உட்காருவார். அந்த நேரத்துல நான் அவர் கண்ணுல பட்டா, கையில கிடைச்சதால அடிதான். குடிச்சுட்டுத் தூங்கிட்டார்னா அப்புறம் பயமில்ல. ஆனா அதுவரைக்கும் வெளியில இருக்கறதுக்கும் காரணம் வேணுமே? நிஜமாவே வேலை பார்க்கறேனான்னு ஒரு நாள் அந்த ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டுப் போனார்.”

வாசலில் வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு நின்று, “பூட்டிடலாமா மேடம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதை... இதை நீங்க சார்கிட்ட சொல்லியிருந்தீங்களா?”

“சாருகிட்டயா? வீட்டு விஷயத்தை எந்த வாயால சொல்றது மேடம்? ஒரு நாள் என் கன்னத்துல இருந்த காயத்தை அவரா பார்த்தார். ஒண்ணுமே கேக்கலை. அன்னிக்குச் சாயங்காலம்தான் முதல் தடவையா ஒரு கட்டைக் கொண்டுவந்து என் முன்னாடி போட்டார்.”