இன்றைய உணவை வழங்கியவர்

ஊனமுற்ற குழந்தைகளுக்கான இல்லத்தில் ஏழு வருடம் இருந்துவிட்டு, சுகிர்தா அன்று காலையில்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். மதியம் அம்மா அவளைத் தூக்கி வந்து, அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவே சுவரில் சாய்த்து உட்கார வைத்து, சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். சுகிர்தா தட்டைத் தொடவில்லை.

"இன்னைக்கு யாருக்குப் பொறந்தநாள்?"

"யாருக்கும் இல்லம்மா."

"அப்ப நினைவு நாளா?"

"அதெல்லாம் இல்ல. நான் ஆக்குன சோறு. சாப்பிடு."

இல்லத்தில் பிறந்தநாள், நினைவு நாள், கடை திறப்பு என்று ஒவ்வொரு வேளைச் சோறும் யாரோ ஒருவர் கொடுத்தது. அவர் பெயரைச் சொல்லிக் கும்பிட்ட பிறகுதான் சாப்பிட வேண்டும்.

"உங்க பேரு?" என்று சுகிர்தா அம்மாவிடம் கேட்டாள்.

"தையல்நாயகி."

சுகிர்தா விரியாத வலக்கையின் மேல் இடக்கையைச் சேர்த்துக் கண்ணை மூடினாள். "இன்று எங்களுக்கு உணவளித்த தையல்நாயகி குடும்பத்தார் எல்லாரும் நல்லா இருக்கணும்."

பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

"அந்தக் குடும்பத்துல யார் யாரு இருக்காங்க, சொல்லு" என்றாள் அம்மா.

சுகிர்தாவின் விரல் அம்மாவைக் காட்டியது, அப்பாவைக் காட்டியது, தம்பியைக் காட்டியது. பிறகு தன் பக்கம் திரும்பி, தட்டுக்கு மேலே வந்து, தன்னைக் காட்டாமல் நின்றது. குழம்பு சொட்டும் கரண்டியோடு அம்மா காத்திருந்தாள்.