திரும்பி நிற்கும் நாரை

"இதோட மூணு கூட்டமா அதே பாட்டு. நாரையைத் திருப்பணும், நாரையைத் திருப்பணும்! வேற கேள்வியே இல்லையா பென்னோ?" என்று ஊராட்சித் தலைவி ஜில்க்கே பேனாவை மேசைமேல் போட்டாள்.

"திருப்புற வரைக்கும் கேப்பேன்" என்றார் கிழவர்.

எங்கள் மன்றத்தில் கூட்டம் முடிகிற நேரத்தில் ஊர்க்காரர் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். பென்னோவைத் தவிர யாரும் வருவதில்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பார். வருஷக்கணக்காக வாய் திறக்காமல் வந்து போனவர், இந்தக் கோடையில்தான் நாரையைப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் கோட்டு மாட்ட இடம் இருக்கிறது. அவரோ தொப்பியைக் கொண்டுவந்து சுவரில் ஊர்ச் சின்னத்துக்கு வலப்பக்கத்து ஆணியில்தான் மாட்டுவார். கிழவருக்குக் கொழுப்பு என்று விட்டுவிட்டோம்.

சின்னம் மரத்தில் செதுக்கிய கேடயம். அதில் நீலப் பட்டை எங்கள் ஆறு, நாரை ஊர்க்காவல். தூக்கிய காலில் ஒரு கல்லைப் பிடித்திருக்கும். கண்ணசந்தால் கல் விழுந்து எழுப்பிவிடுமாம்.

"ஊர் முத்திரையில நாரை இடப்பக்கம் பாக்குது. இந்தப் பலகையில மட்டும் வலப்பக்கம் பாக்குது. தப்புதானே?" என்றார் பென்னோ.

"செதுக்கினவன் பீர் போட்டிருப்பான்" என்றார் இறைச்சிக்கடை டிர்க். "உமக்கென்னய்யா போச்சு? நிலக்கரிக்காக உம்ம வெல்னிட்ஸ் ஊரையே தோண்டி எடுத்தப்ப இங்க வந்து குடியேறின ஆளு நீரு. எங்க நாரை எங்க பாத்தா என்ன? இப்ப உம்ம தொப்பியைத்தான் காவல் காக்குது!"

எல்லாரும் சிரித்தோம். பென்னோ சிரிக்கவில்லை.

"விதிப்படி அவர் சொல்றது சரிதான்" என்றாள் உறுப்பினர் உட்டா. பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். "கேடயத்துல பறவை இடப்பக்கம்தான் பாக்கணும். ரெண்டு கேடயத்தை ஜோடியா மாட்டினா மட்டும், மரியாதைக்கு ஒண்ணையொண்ணு பாக்க வைப்பாங்க. இங்கதான் ஒண்ணே ஒண்ணு இருக்கே."

"சரி, புதுசா செதுக்கச் சொல்லிடலாம். கை தூக்குங்கப்பா" என்றாள் ஜில்க்கே. எல்லாருக்கும் பசி. கைகள் உயர்ந்தன.

"ஜெயிச்சுட்டீங்க. இனிமே எங்களை விட்டுடுவீங்கல்ல?" என்றாள் பென்னோவிடம்.

"விட்டுடுவேன். நாளைக்கு மக வீட்டோட போயிடறேன், ப்ரேமனுக்கு. இனி வரமாட்டேன்."

"சொல்லவே இல்லையே!"

"யாரும் கேக்கலையே."

பென்னோ எழுந்து போய்த் தொப்பியை எடுத்தார். ஜில்க்கே முதல் தடவையாக அந்த ஆணியை உற்றுப் பார்த்தாள். கட்டைவிரல் தடிமனில் பழைய இரும்பு. கேடயத்தைத் தாங்குகிற ஆணியும் அதே அச்சு, அதே உயரம்.

"இது தொப்பி மாட்டுற ஆணி இல்லையே. முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"

"எங்க வெல்னிட்ஸ் கேடயம். ரெண்டு ஊருக்கும் ஒரே மன்றமா இருந்த காலத்துல மாட்டினது. ஊரு போச்சு, அதையும் கழட்டிட்டாங்க."

உட்டா நாரையைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள்.

"அப்ப நாரை சரியாத்தானே பாக்குது! அதை ஏன் திருப்பச் சொன்னீங்க?"

கிழவர் தொப்பியைத் தலையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை நாளும் பாக்க என் தொப்பியாவது இருந்துச்சு. நாளையிலேருந்து அது வெறுஞ் சுவரைத்தானேம்மா பாத்துக்கிட்டு நிக்கணும்?"