துரைக்கு ஒரு வாய்

வாயில்லா ஜீவனுக்கு விஷம் வைக்க ஒரு மனுஷனுக்கு எப்படிங்க மனசு வரும்?

பாப்பாவின் அம்மா இதையே மூன்றாவது தடவையாகக் கேட்டாள். தெரு மொத்தமும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

அவள் கையில், துண்டுக்குள் சுருண்டு கிடந்தான் துரை. பூனைதான். இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டான், சாப்பாடு அவனைத் தேடி வர வேண்டும். அதனால் வந்த பெயர். இப்போது வாயில் எச்சில் ஒழுக, மூஞ்சி வீங்கி, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான்.

எதிரே, கழுத்தில் அளவு நாடாவோடு, கீழ்வீட்டுத் தையல்காரர்.

"நேத்து நீங்கதானே சொன்னீங்க, இன்னொரு தடவை கடைக்குள்ள வந்தான்னா கதையை முடிச்சிடுவேன்னு?"

"சொன்னேன்தான்."

"கேட்டுக்குங்க எல்லாரும்! அவரே ஒத்துக்கறார்."

"கோவத்துல சொன்னதும்மா. தைச்சு முடிச்ச சட்டையை நூல் நூலா உருவி வெச்சிருந்தான். வாய் தவறி..."

"வாய் தவறிச்சா, கை தவறிச்சா? இத்தனை நாளா அண்ணே, அண்ணேன்னு வாய் நிறையக் கூப்பிட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

பாப்பா அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலு வயது. பாதி நாள் தையல்காரர் கடையில்தான் பட்டன் பொறுக்கிக்கொண்டு கிடப்பாள்.

"பால் ஊத்தினியா? விஷத்தை முறிக்கும்" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"ஊத்திப் பாத்துட்டேன்க்கா, இறங்கல."

"அப்ப உப்புத் தண்ணி கரைச்சு ஊத்து. வாந்தியா வந்துடும்."

"வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க!" தையல்காரர் பதறிப்போய்க் கத்தினார். "புரை ஏறிடும். முதல்ல டாக்டர்கிட்ட ஓடும்மா. என்னை அப்புறம் வந்து திட்டிக்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்."

"ஆமாமா, வெச்சவருக்குத்தானே தெரியும், எதை ஊத்தலாம், எதை ஊத்தக்கூடாதுன்னு!"

 பாப்பாவின் அம்மா இன்னும் நாலு வார்த்தை வயிறு எரியச் சொல்லிவிட்டு, பாப்பாவை அக்காவிடம் தள்ளிவிட்டு, வண்டி பிடித்தாள்.

டாக்டரம்மா துரையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு காப்பி நிறத்தில் இருந்தது.

"எலி மருந்துதானே டாக்டர்?"

"இல்லம்மா. மனுஷங்க குடிக்கிற காய்ச்சல் மருந்து. பூனைக்கு அது ஒரு ஸ்பூன் போனாலே போதும், ரத்தம் கெட்டுடும்."

"பாத்ததும் எப்படிச் சொல்றீங்க?"

"உங்க தெருவுல இருந்து இப்பதான் ஒருத்தர் போன் பண்ணார். பாட்டில்ல இருந்த பேரை எழுத்துக்கூட்டிப் படிச்சார். காலையிலயே உள்ள போயிருக்குன்னார். இப்போ மணி ஒண்ணரை. எப்ப இருந்து இப்படி இருக்கான்?"

"பதினொரு மணி இருக்கும். பால் ஊத்திப் பாத்தேன். அப்புறம்..."

அப்புறம் தெருவில் சண்டை. 

"சந்தேகம் வந்த உடனே தூக்கிட்டு வந்துடணும்மா. எதைத் தின்னுச்சுன்னு தெரிஞ்சா அந்த பாட்டிலையும் கையோட கொண்டு வரணும். யார் கொடுத்தாங்கற விசாரணையெல்லாம் பிறகு."

ஊசி போட்டார்கள். குழாய் வைத்தார்கள். துரை ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அவ்வளவுதான்.

துண்டு மூட்டையோடு திரும்பி வரும்போது வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. 'பாட்டில் பேரு, நேரம் எல்லாம் கரெக்டா சொல்லணும்னா அது வெச்ச ஆளாத்தான் இருக்கணும். பண்றதையும் பண்ணிட்டுப் போன் வேறயா?'

நேரே தையல் கடைக்குள் நுழைந்தாள். மெஷின் ஓடவில்லை. வெட்டுத்துணிக் குவியல்மேல் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒரு மருந்து பாட்டில், பக்கத்தில் ஒரு ஸ்பூன்.

"இது எங்க வீட்டு பாட்டிலாச்சே! எங்க வீட்டுக்குள்ள வந்து எடுத்தீங்களா?"

"மெதுவாப் பேசும்மா. இப்பதான் கண்ணசந்தா."

அவர் துண்டு மூட்டையைப் பார்த்தார். அது அசையாததையும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"நீ போனதும் பாப்பா இதை எடுத்துக்கிட்டு என்கிட்ட ஓடி வந்தா. 'அம்மா எனக்கு மருந்து ஊட்டும்போது, பாப்பாக்கு ஒரு வாய், துரைக்கு ஒரு வாய்னு சொல்வாங்க மாமா. ஆனா துரைக்குக் காலி ஸ்பூனைத்தான் காட்டுவாங்க, பாவம். அவனுக்கும் உடம்பு சுட்டுச்சா, அம்மா குளிக்கப் போனப்ப நான் நிஜமாவே கொடுத்துட்டேன். இனிமே சரியாயிடுவான்ல?'ன்னு கேட்டா. சரியாயிடுவான்னு சொல்லித்தான் தூங்க வெச்சேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தாநாள் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து, வேளை தவறாமல் அவள் நடத்திய நாடகம் அது. துரையும் ஒவ்வொரு தடவையும் காலி ஸ்பூனை முகர்ந்து பார்ப்பான். பாப்பா கைகொட்டிச் சிரிப்பாள்.

துண்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, உங்களை நான் என்னவெல்லாம்... இப்பவே போய் ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லிடறேன், நீங்க இல்லைன்னு."

எழுந்தவளைத் தையல்காரர் கையமர்த்தினார்.

"வேணாம் தங்கச்சி. தெருவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே குழந்தை காதுக்கு வந்துடும். நாலு வயசு, எப்படித் தாங்கும்? அது எழுந்து கேட்டா, தையக்கார மாமாதான் துரையைக் கொன்னுட்டார்னு சொல்லிடும்மா."