வெள்ளிக்கிழமைப் பிரியாணி

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம். அதுவும் வெள்ளிக்கிழமை. அமலோற்பவம் பிரியாணிப் பொட்டலத்தோடு பிடிபட்டாள்.

பிடித்தவர் வெங்காய மண்டி பிராங்கிளின். மண்டியில் ஒரு காய் அழுகியிருந்தாலும் மூட்டையையே திருப்பி அனுப்புகிற ஆள். அவர் கண்ணுக்கு ஒரு பொட்டலம் தப்புமா?

திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வயிற்றுப் பிள்ளையைக் கலைக்க அங்கே ஆள் வருவது தெருவுக்கே தெரியும். தபசு கால வெள்ளிதோறும் சாயங்காலம், எதிர்ச்சாரியில் மாதா கோயில் பங்கு ஜனங்கள் சிலர் செருப்பில்லாமல் நின்று செபமாலை சொல்வார்கள். அன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான். கறி கிடையாது.

கோஷம் போடுவதும் அட்டை பிடிப்பதும் இல்லை. உள்ளே போகிற பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாது. அது பிராங்கிளின் போட்ட சட்டம்.

"அவளே நொந்து போய் வாரா. நம்ம கண்ணு வேற அவளக் குத்தணுமா? தலையக் குனிஞ்சு செபத்தச் சொல்லுங்க. மத்தத ஆண்டவர் பாத்துக்குவாரு" என்பார். இந்தக் கூட்டத்தைச் சேர்த்ததே அவர்தான்.

அமலோற்பவம் புருஷனை இழந்தவள். பிள்ளை இல்லை. தையல் மெஷின்தான் துணை. முன்னால் நின்று செபமாலை சொல்லிக்கொடுப்பது அவள் வேலை.

அன்றைக்குச் செபம் தொடங்கும் முன்பே பிராங்கிளின் அவள் கூடையைக் காட்டிப் பிடித்துக்கொண்டார்.

"சனாவுல்லா பாய் கடையில உன்னையப் பாத்தேன். அந்த மனுஷன் நோன்பு வச்சுக்கிட்டு, பச்சத்தண்ணி குடிக்காம யாவாரம் பாக்குறாரு. நீ அவர்ட்டயே போய்ப் பிரியாணி வாங்கிட்டு வார. என்னத்தா இது?"

"ஆமாண்ணே, வாங்குனேன்."

"யாருக்கு?"

அவள் கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற பெண், நாளைக்குச் சாப்பிட வாங்கியிருப்பாள் என்று பரிந்து பேசப் பார்த்தாள். அவ வீட்டில் பிரிட்ஜ் ஏது, பிரியாணி விடியும்வரை விரதம் இருக்குமா என்று இன்னொருத்தி சிரித்தாள். ஆமாம், நாளைக்குத்தான் என்று அமலோற்பவம் ஒப்பேற்றியிருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையையோ சொல்லக் கூடாது.

பிராங்கிளினின் குரல் இறங்கியது. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"நாம வயித்தக் கட்டுறது ஒரு பிள்ள உசுரு தங்கணும்னு. நீ அத ஒரு வாய் கறிக்கு வித்துட்ட தாயி. இன்னைக்கு முன்னால நிக்க வேணாம்."

அமலோற்பவம் மறுபேச்சுப் பேசாமல் வரிசையின் கடைசிக்குப் போனாள். காலையிலிருந்து அவள் வயிற்றில் வெறும் தண்ணீர்தான். தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசி மன்றாட்டைப் பிராங்கிளினே சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. மண்டியையே அதட்டி ஆளுகிற மனுஷன் நடுரோட்டில் கண்ணீரைத் துடைக்காமல் நின்றார். அதில் துளி நடிப்பில்லை. மற்றவர்களும் கலங்கிப்போனார்கள்.

முடிந்ததும் அமலோற்பவம் கூடையோடு வேகமாக நடந்தாள். அவள் வீட்டுக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. மெல்லத் தட்டி, நான்தான் என்றாள். திறந்தது.

உள்ளே இளம்பெண் ஒருத்தி. வயிறு லேசாக மேடிட்டிருந்தது. பெர்னதெத் என்று பெயர்.

மசக்கை அவளைப் பாடாய்ப் படுத்தியது. கஞ்சியோ ரசமோ, எது போனாலும் வெளியே வந்துவிடும். எது பிடிக்கிறதோ அதைக் கொடுங்கள், முதலில் வயிற்றில் தங்கட்டும் என்று, ஆள் யாரென்று சொல்லாமல் விசாரித்தபோது அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லியிருந்தார். இன்றைக்குத்தான் அவளாக வாய் திறந்து ஒன்று கேட்டாள்.

நிலக்கோட்டையில் பூ வேன் ஓட்டிய பையனை வீட்டை மீறிக் கட்டிக்கொண்டவள். வயிற்றில் பிள்ளை என்றதும் அவன் போனை அணைத்துவிட்டுப் போனவன்தான். பிறந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். எங்க வீட்டுப் பொண்ணு எப்பவோ செத்துப்போச்சு என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

அவள் வந்த அன்றைக்குச் சட்டத்தை மீறித் தலை நிமிர்ந்து பார்த்தவள் அமலோற்பவம் மட்டும்தான். செபம் முடிந்து எல்லோரும் கலைந்ததும் உள்ளே ஓடி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டாள். வருவதற்கு முன் அந்தப் பெண் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: யாருக்காவது தெரிந்தால் மறுபடி அங்கேயே போய்விடுவேன்.

பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்தாள் அமலோற்பவம். பெண் பயந்து பயந்து ஒரு வாய் வைத்தாள். தங்கியது. பிறகு நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். அதைப் பார்த்துக்கொண்டே தனக்குக் கொஞ்சம் கஞ்சி ஊற்றிக்கொண்டாள் அமலோற்பவம். அவளுக்கு அன்றைய ஒரு வேளை அதுதான்.

செத்த நேரம் கழித்து, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பெர்னதெத் கேட்டாள்.

"அத்தை, மண்டிய மூடிட்டு அப்பா இன்னைக்கும் வந்தாரா?"

"வந்தாரு."

"என்ன வேண்டிக்கிட்டாரு?"

அமலோற்பவம் அவள் தலையைத் தடவினாள்.

"போக்கிடம் இல்லாம நிக்கிற பொண்ணுக்கு யாராச்சும் ஒருத்தர் வீட்டுக் கதவத் திறந்துவிடுங்க ஆண்டவரேன்னு, தேம்பித் தேம்பி அழுதாருத்தா உங்கப்பா."