ஏழாவது மெஷினின் பெயர்

புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினுக்கும், அதாவது சர்வருக்குள் மென்பொருளாக இயங்கும் கணினிக்கும், காலமான ஊழியர் ஒருவரின் பெயரை வைப்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். இதுவரை ஆறு பெயர்களை மெய்யம்மைதான் வைத்திருக்கிறாள். இன்று ஏழாவது மெஷினில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். பெயர் கேட்டுத் திரை நின்றதும், மேலாளர் ஜெபராஜ் அனுப்பியிருந்த படிவத்தைத் திறந்தாள். அதில் அவள் பெயர் இருந்தது, இனிஷியலோடு.

“சார், பேரு மாறி வந்திருக்கு.”

ஜெபராஜ் நிமிரவில்லை. “சரியாத்தான்மா இருக்கு. நாலு மணிக்குள்ள முடிச்சிருங்க.”

சுற்றிலும் கீபோர்டுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மணி மூன்று ஐம்பத்தெட்டு. அவள் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். கடைசி எழுத்தை மட்டும் அடிக்காமல் விரலை இழுத்துக்கொண்டாள்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அதை அடித்தது.