கட்டிலில் ஈரத்துண்டு

விடுதியில் சேர்ந்த அன்றே முதலாண்டுப் பிள்ளைகள் எல்லோர் காதிலும் ஒரு கருவியை மாட்டிவிட்டார்கள். ராகிங் ஒழிப்பாம். எதிரில் இருப்பவர் எப்படிப் பேசினாலும் நமக்கு அது மரியாதையான தமிழில்தான் கேட்கும்.

என் அறைத்தோழி இசக்கிப்ரியா திருநெல்வேலிக்காரி. தினமும் குளித்துவிட்டு ஈரத்துண்டை என் கட்டிலில் போடுவாள். பன்னிரண்டு நாளாகத் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லையோ என்பது போலப் பார்ப்பாள். பிறகு ஏதோ சொல்வாள். "தங்கள் கருத்தை மதிக்கிறேன், தோழி" என்று என் காதில் விழும். செய்தி வாசிப்பவரோடு குடித்தனம் நடத்துவது போல இருந்தது.

பதின்மூன்றாம் நாள் தலையணையே நனைந்திருந்தது. என் காதில் இருந்ததைக் கழற்றி எறிந்தேன். அவளுடையதையும் பிடுங்கினேன்.

"ஏம்புள்ள, ஈரத்துண்ட எம்பட கட்டல்ல போடாதன்னு எத்தன தடவ சொல்றது? அறிவிருக்குதா?"

ஒரு நொடி விழித்தாள். பிறகு இடுப்பில் கைவைத்தாள்.

"நீ மட்டும் ஒழுங்காட்டி? அஞ்சு மணிக்கு அலாரத்த வச்சிட்டு நீ தூங்குத. தெனமும் எந்திரிச்சு அமத்துதது நாந்தான."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். அவளே துண்டை எடுத்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள்.

அதற்குள் இருவர் கைபேசிகளும் ஒலித்தன. விடுதி அலுவலகத்திலிருந்து செய்தி. கருவியைக் கழற்றிவிட்டோமாம், எங்களுக்குள் ஒத்துப்போகவில்லையாம். நாளை முதல் வெவ்வேறு அறை. இதற்கு மேல்முறையீடு கிடையாது.

இசக்கி அதைப் படித்துவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஒன் அலாரத்த யாருட்டி அமத்துவா?"